பெட்டி இல்லாமல் லைனில் நின்ற நாள்

போன வருஷம், தை மாதக் கடைசி. எண்ணூரிலிருந்து திருவொற்றியூருக்கு வரும் கடலோரச் சாலையில் நடந்தது.

நான் ட்ரெய்லர் ஓட்டுகிறவன். குடோனில் கன்டெய்னர் ஏற்றுவேன். பெட்டி என்றுதான் நாங்கள் சொல்வோம். பெட்டியைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோவேன். கிரேன் தூக்கிக்கொள்ளும். திரும்பி வருவேன். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து இதுதான் வேலை.

ஐப்பசியில் தோள் விலகிவிட்டது. பெட்டியை வண்டியோடு பூட்டுகிற இரும்புப் பூட்டு துருப்பிடித்து இறுகியிருந்தது. பிடித்து இழுத்தேன். பூட்டு வரவில்லை. தோள் வந்துவிட்டது. மாசி பிறக்கும்வரை பெரிய வண்டி தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வீட்டில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்று சொல்வதே பொய். கால் ஓரிடத்தில் நிற்காது. காலையில் எழுந்து ரோடு வரை போவேன். ட்ரெய்லர்கள் போவதைப் பார்ப்பேன். வீட்டுக்கு வருவேன். மறுபடி போவேன். டிவி முன்னால் உட்கார வைத்தால் வலது பாதம் தானாகத் தரையை அழுத்தும். பிரேக் என்று நினைப்பு.

என் மனைவி பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாள். சாயந்திரம் வந்து என்னைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வாள்.

"இன்னாய்யா, கூண்டுல போட்ட எலி மாரி சுத்திகினே கீற?"

"சும்மாதான்."

"சும்மா கீறவன் குந்துவான். நீ தேஞ்சு போற. தரையும் தேஞ்சு போவுது."

அந்தச் சமயத்தில்தான் அந்த வீடியோ வந்தது.

அனுப்பியவன் என் தோஸ்து. முன்னால் என்னோடு ட்ரெய்லர் ஓட்டியவன். அந்தமான்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அங்கே ரங்கத் என்கிற ஊரில் தங்கிவிட்டான். சொந்தமாக ஒரு வேன் வைத்திருக்கிறான். வீடியோவில் ஒரு ரோடு. இரண்டு பக்கமும் காடு. ரோடு போய் உப்புத் தண்ணீரில் முட்டுகிறது. அங்கே தட்டையாக ஒரு படகு. பஸ் ஏறுகிறது. லாரி ஏறுகிறது. இவன் வேனும் ஏறுகிறது. படகு அக்கரை போய் ஒட்டுகிறது. லாரி இறங்கி, எதுவுமே நடக்காத மாதிரி ரோட்டில் போய்க்கொண்டே இருக்கிறது.

"பாத்தியா மாமு, எங்க ஊரு ரோடு தண்ணி வந்தாலும் நிக்காது" என்று பின்னாலிருந்து அவன் குரல்.

அதை எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. என் ரோடு எப்போதும் கடலில் முடிந்துவிடும். பெட்டி அக்கரைக்குப் போகும். நான் திரும்பிவிடுவேன். அந்தமான் கப்பலும் எங்கள் துறைமுகத்திலிருந்துதான் புறப்படுகிறது. அதன் பின்பக்கத்தைத்தான் பார்த்திருக்கிறேன். ஏறியதில்லை.

தோஸ்துக்குப் போன் போட்டேன். வேன் தருகிறேன் என்றான். போர்ட் பிளேரில் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன், தெற்கிலிருந்து வடக்குக் கடைசி வரை நீயே ஓட்டு, ஒரு தீவு முடிந்தால் அடுத்த தீவு, ரோடு ஒன்றுதான், வழி தப்பவே முடியாது என்றான்.

அன்றைக்கே மாதக் காலண்டரின் பழைய தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் தீவுகளை வரைந்தேன். நடுவில் ரோட்டை இழுத்தேன். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இன்னா இது, சாம்பாருக்கு அரிஞ்ச முருங்கக்கா மாரி கீது?"

"அந்தமான்."

"யாரு போறா?"

"நாம."

கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முதலில் சிரித்தாள். பிறகு தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் விரலை வைத்துச் சொன்னேன். கோழி கூவுவதற்கு முன் கிளம்புகிறோம். இங்கே காட்டுக்குள் போகிற இடம். ஆதிவாசிகள் வாழ்கிற காடு. குறித்த நேரத்துக்கு கேட் திறப்பார்கள். எல்லா வண்டியும் வரிசையாகப் போக வேண்டும். முந்தக் கூடாது, நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது. அது முடிந்தால் படகு. அப்புறம் ரங்கத். அப்புறம் மாயாபந்தர். அப்புறம் திக்லிப்பூர். எங்கேயும் நிற்காமல் போனால் இருட்டுவதற்குள் கடைசித் தீவு.

நிற்காமல் ஓட்டுவதுதான் எனக்குத் தெரிந்த நல்ல ஓட்டம்.

அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நடுவுல?" என்றாள்.

"நடுவுல இன்னா?"

"ஒண்ணியும் இல்ல."

அடுத்த பத்து நாள் வீட்டில் இதே பேச்சு. பேச்சு என்றால் என் பக்கத்துப் பேச்சு. படுத்தால் ரோடு. எழுந்தால் ரோடு. கப்பல் டிக்கெட் கொடுக்கத் தொடங்கும் நாள் தெரிந்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அப்போது அவள் ஒரு கண்டிஷன் போட்டாள்.

"கல்யாணம் ஆன நாளா வண்டி ஓட்டற, வண்டி ஓட்டறன்ற. ஒரு நாளு நான் பக்கத்துல குந்துனதில்ல. பஸ்சுலயும் ரயிலுலயும்தான் என்ன இட்டுகினு போயிருக்க. டிக்கெட்டு எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தபா இட்டுகினு போ. சரியா வந்துச்சுன்னா அந்தமானுக்கு வரேன். இல்லன்னா நீயும் உன் தோஸ்தும் போங்க."

அது நிஜம்தான். ட்ரெய்லரில் குடும்பத்தை ஏற்ற முடியாது. துறைமுகத்துக்குள் பாஸ் இல்லாமல் ஈ கூட நுழையாது. சொந்த வண்டியும் இல்லை.

அவள் வராவிட்டால் நானும் போகப் போவதில்லை. அதை மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். அவளிடம் சொல்லவில்லை. சொல்லி வழக்கமில்லை.

ஞாயிற்றுக்கிழமை புளியந்தோப்பில் இருக்கும் மருமகனிடம் போய் அவருடைய சின்ன காரை வாங்கி வந்தேன். டோல்கேட் தாண்டி வரும்போதே கை லேசாகிவிட்டது. அத்தனை நாள் கழித்து ஸ்டியரிங். தோள் வலிக்கவில்லை. வீட்டு முன்னால் ஹாரன் அடித்தேன். அவள் தலைவாரிப் பூ வைத்துத் தயாராக நின்றாள். டீ போட்டிருந்தாள். எனக்கு மட்டும்.

"உனுக்கு?"

"வேணாம்."

சர்க்கரை மாத்திரையை வாயில் போட்டு ஒரே ஒரு மடக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டாள். வண்டியில் வாந்தி வரும் என்று பயப்படுகிறாள் போல என்று நினைத்தேன்.

பழவேற்காடு போனோம். அங்கேதான் இரண்டு பக்கமும் தண்ணீர் இருக்கும், தீவு மாதிரி இருக்கும், ட்ரயலுக்குச் சரி என்று நான்தான் தேர்ந்தெடுத்தேன். வள்ளூர் தாண்டும்போது அனல் மின் நிலையத்தின் புகைபோக்கியைக் காட்டினேன். மீஞ்சூர் தாண்டியதும் கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். நான் கியர் மாற்றும்போதெல்லாம் என் கையைப் பார்த்தாள்.

"நல்லாதான் ஓட்ற" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்கு இன்னும் நூறு மைல் ஓட்டியிருப்பேன்.

பழவேற்காட்டில் மீன் வறுவல் வாங்கினேன். அவள் ஒரு துண்டு தின்றாள். தண்ணீர் தொடவில்லை. பாலத்தின் மேல் நின்று கொஞ்ச நேரம் பார்த்தோம். அதற்குள் எனக்குக் கால் அரித்தது. கிளம்பு என்றேன். அவள் சுற்றும் முற்றும் எதையோ தேடுகிற மாதிரி பார்த்தாள். கேட்டிருக்கலாம். நான் சாவியைப் போட்டுவிட்டேன்.

திரும்பும் வழியில், மீஞ்சூரில் இளநீர் விற்றார்கள். நிறுத்தி வாங்கினேன். வேண்டாம் என்றாள். நான் விடவில்லை.

"வெயிலு ஏறுது. குடிமே."

"வேணாய்யா."

"நான் வாங்கிக் குடுத்தா குடிக்க மாட்டியா?"

அப்படிக் கேட்டதும் வாங்கிக்கொண்டாள். பாதி குடித்துவிட்டு நீட்டினாள். முழுசாகக் குடி என்று நானே பிடித்துக் குடிக்க வைத்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

எண்ணூர் வந்தது. ஆற்றுப் பாலம் தாண்டினோம். கடல் காற்று அடித்தது. இன்னும் கொஞ்ச தூரம், வீடு.

இந்த இடத்தில் லைனைப் பற்றிச் சொல்ல வேண்டும். துறைமுகத்துக்குப் போகும் ட்ரெய்லர்கள் இந்தச் சாலையில் இடது ஓரமாக வரிசையில் நிற்கும். சில நாள் ஒரு மணி நேரம். சில நாள் விடிய விடிய. மற்ற வண்டிகள் போவதற்கு வலது பக்கம் தனியாக விட்டிருப்பார்கள். நடுவில் சிமெண்ட் கட்டைகள். லைனுக்கு எழுதாத சட்டம் உண்டு. முன்வண்டிக்கும் நமக்கும் இடையில் இடைவெளி விடக் கூடாது. விட்டால் எவனாவது மூக்கை நுழைத்துவிடுவான். வண்டியை விட்டு இறங்கக் கூடாது. இறங்கினால், நகரும்போது நம்மைத் தாண்டிப் போய்விடுவார்கள். இந்தச் சட்டத்தில்தான் என் வயசு போயிருக்கிறது.

சிமெண்ட் கட்டைகள் தொடங்கும் இடம் வந்தது. என் கை இடது பக்கம் திரும்பியது. முன்னால் ஒரு ட்ரெய்லர் நின்றது. அதன் பின்னால் ஒட்டி நிறுத்தினேன். ஹேண்ட் பிரேக் போட்டேன். சீட்டில் சாய்ந்தேன்.

"இன்னாய்யா நின்னுட்ட?"

"லைனு."

"இன்னா லைனு?"

"ஹார்பர் கேட்டு லைனு."

"நமக்கு இன்னாத்துக்கு கேட்டு?"



கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் வந்த ட்ரெய்லரின் பம்பர் கண்ணாடி முழுக்க நிறைந்திருந்தது. முன்னால் பெட்டிக் கதவு. வலது பக்கம் சிமெண்ட் கட்டை. இடது பக்கம் சாக்கடை, அதைத் தாண்டிக் குப்பத்து வீடுகள். சின்ன காரை ஓட்டிக்கொண்டு, பெட்டியும் இல்லாமல், பாஸும் இல்லாமல், துறைமுக லைனில் வந்து நிற்கிறேன். அப்போதுதான் புரிந்தது.

பின்வண்டி டிரைவர் தலையை வெளியே நீட்டினான்.

"இன்னா அண்ணாத்தே, பொட்டி எங்க? டிக்கில கீதா?"

அவனுக்கும் பின்னால் ஒருவன் சிரித்தான். நான் திரும்பவில்லை.

"எனுக்கு எறங்கணும்" என்றாள் மனைவி.

"இங்க எங்க எறங்குவ? முன்னாடி கட்டைங்க நடுவுல ஒரு வெட்டு வரும். அதுல பூந்து வெளிய போயிடலாம்."

"எத்தினி நேரம்?"

"இப்ப நகந்துடும்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "போன்ல சொல்றதயேதான் நேர்லயும் சொல்ற."

லைனில் நிற்கும்போது வீட்டிலிருந்து போன் வந்தால் நாங்கள் எல்லோரும் சொல்கிற வார்த்தை அது. இப்போ நகர்ந்துவிடும். சோறு ஆறிப்போகும். குழந்தை தூங்கிப்போகும். லைன் நகராது.

அன்றும் நகரவில்லை. அவள் கைப்பையை மடியில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் வேர்வை. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். சர்க்கரை இருக்கிறவளுக்கு அடக்க வராது என்பது எனக்குத் தெரியாத விஷயமில்லை. தெரிந்தும், கொஞ்சம் பொறு, கொஞ்சம் பொறு என்று இரண்டு மூன்று தடவை சொன்னேன். நாலாவது தடவை சொல்வதற்குள் கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டாள். பையும் போனும் சீட்டிலேயே கிடந்தன. சாக்கடை மேல் போட்டிருந்த பலகையைத் தாண்டி, இரண்டு வீட்டுக்கு நடுவில் இருந்த சந்துக்குள் ஓடினாள். என் மனைவி ஓடி நான் பார்த்ததில்லை.

நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். இறங்கவில்லை. லைனில் இறங்கக் கூடாது.

அப்போது லைன் நகர்ந்தது.

முன்வண்டி போனது. பின்னால் ஹாரன். நானும் போனேன். ஒரு வண்டி நீளம் நகர்ந்து நிற்கும், அதுதான் வழக்கம். அன்றைக்கு நிற்கவே இல்லை. எண்ணெய் போட்ட மாதிரி போய்க்கொண்டே இருந்தது. பின்னால் விடாமல் ஹாரன் அடித்தார்கள். கண்ணாடியில் அந்தச் சந்து சின்னதாகி, ஒரு வளைவில் மறைந்துபோனது. அவளை விட்டுவிட்டு வந்துகொண்டிருக்கிறேன் என்பது தெரிகிறது. கால் ஆக்சிலேட்டரில் இருக்கிறது.

வெட்டு வந்ததும் வெளியே பாய்ந்தேன். திருப்பிக்கொண்டு எதிர்ப்பக்கமாக வந்து காரை ஓரம் போட்டுவிட்டு, ட்ரெய்லர்களுக்கு நடுவில் புகுந்து ஓடினேன்.

சந்து எது என்று தெரியவில்லை.

எத்தனையோ வருஷமாக இந்த இடத்தில் நின்றிருக்கிறேன். ஆனால் மேலே, கேபினில். அங்கிருந்து பார்த்தால் கூரை தெரியும், ஷீட் தெரியும், அந்தப் பக்கம் கடல் தெரியும். கீழே நின்று பார்த்தால் எல்லாம் வாசல். ஒவ்வொரு வாசலிலும் வலை, நீல டிரம், பிளாஸ்டிக் குடம். எல்லாச் சந்தும் ஒரே மாதிரி.

ஒரு வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்த பெண்களிடம் கேட்டேன். இந்தப் பக்கம் ஒரு பொம்பளை வந்தாளா என்று.

"இன்னா கலரு பொடவ?"

வாய் திறந்தேன். காலையிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். அவள் என்ன நிறத்தில் புடவை கட்டியிருந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. முன்னால் நின்ற பெட்டியின் நம்பர் தெரியும். கேட்டால் இன்றைக்கும் சொல்வேன்.

"பூ வச்சிருந்தா" என்றேன்.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி கையை உதறினாள். "ரோட்டுப் பக்கம் போய்ப் பாரு. அங்கதான் ட்ரெய்லரு பூந்து பூந்து வருது."

அந்தப் பயம் எனக்கு முன்னாலேயே வந்திருந்தது. என்னைத் தேடி ரோட்டுக்கு வந்திருப்பாள். ட்ரெய்லர் டிரைவருக்கு இடது பக்கம் கீழே நிற்கிற ஆள் தெரியாது. அது எனக்குத்தான் தெரியும், அவளுக்குத் தெரியாது. ரோட்டுக்கு ஓடினேன். சக்கரங்களுக்குக் கீழே குனிந்து குனிந்து பார்த்தேன். மறுபடி சந்துக்கு ஓடினேன். அவளுக்குப் போன் போட்டேன். மணி என் சட்டைப் பையிலேயே அடித்தது. இறங்கும்போது அவள் போனை எடுத்து நான்தான் பையில் போட்டிருக்கிறேன்.

"யோவ்! பொட்டி இல்லாத ட்ரெய்லரு!"

குரல் வந்த பக்கம் திரும்பினேன். ஒரு வீட்டு வாசலில் ஒரு பெண் நின்றாள். என் மனைவி வயசுதான் இருக்கும். இடுப்பில் கை வைத்திருந்தாள்.

"உன்னத்தான்யா. இங்க வா."

போனேன். அந்த வீட்டின் ரோட்டுப் பக்கத்துச் சுவரில், இங்கே மூத்திரம் போகிறவனுக்கு வாய்க்கு வந்த சாபமெல்லாம் கரியால் பெரிதாக எழுதியிருந்தது. அதன் கீழே ஈரம் காயவில்லை.

உள்ளே என் மனைவி தரையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். பச்சைப் புடவை. அது அவளுடையது இல்லை என்று எனக்கே தெரிந்தது. பின்னால் கொடியில், அலசிப் போட்ட புடவை ஒன்று தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கத்திரிப்பூ நிறம். அப்போதுதான் நிறம் தெரிந்தது. என்ன நடந்திருக்கிறது என்பதும் தெரிந்தது.

அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. தலையில் பூ மட்டும் அப்படியே இருந்தது.

"வாசல் வரைக்கும் வந்துட்டா பாவம்" என்றாள் அந்தப் பெண். "வாசலத் தாண்ட முடியல. நின்ன எடத்துலயே அழுவறா. உங்க ஆளுங்க ராவு பகலுன்னு என் சுவத்த நனச்சிகினு கீறானுங்க. நான் கத்தாத நாளே இல்ல. ட்ரெய்லரு டிரைவரு பொஞ்சாதின்னு சொன்னா. வெளிய போடின்னு சொல்ல வாய் வருமா? ஆம்பளைக்கு என் சுவரு. பொம்பளைக்கு இன்னா கீது இந்த ரோட்ல?"

நான் நின்றுகொண்டிருந்தேன்.

"மீன் எடுக்கக் காசிமேடு போற அன்னிக்கி நான் தண்ணியே குடிக்க மாட்டேன். தெரியுமா உனுக்கு? நாக்கு ஒட்டிக்கும். அப்டியேதான் ஓடுது எங்க பொழப்பு. இவளும் காலைலேர்ந்து குடிக்காமதான் வந்துருக்கா. யாரோ புண்ணியவான் எளநி வாங்கிக் குடுத்தானாம்."

"வுடுக்கா" என்றாள் என் மனைவி மெதுவாக.

அது வாந்தி பயம் இல்லை. டீயை வேண்டாம் என்றதும், ஒரே மடக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டதும், பழவேற்காட்டில் சுற்றிச் சுற்றித் தேடியதும் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. 'நடுவுல?' என்று கேட்டதும் வந்து நின்றது. இத்தனை வருஷமும் பஸ்ஸில் ஊருக்குப் போகும்போதெல்லாம் அவள் வாய் உலர்ந்துதான் வந்திருக்கிறாள். எனக்கு வண்டியில் தண்ணீர் கேட்காத பொம்பளை, தொந்தரவு இல்லாதவள் என்றுதான் பெருமை.

நன்றி சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தேன். பச்சைப் புடவையைத் துவைத்துக் கொண்டுவந்து தருகிறேன் என்றுதான் வந்தது.

"பொடவ கெடக்குது. குடுத்தா குடு, குடுக்காட்டி போ. ஒண்ணே ஒண்ணு செய்யி. லைன்ல நிக்கறப்போ என் பலகைக்கு நேரா வண்டியப் போடாத. அடச்சிகினு நிக்கறீங்க. ஒரு புள்ளத்தாச்சி, ஒரு நோயாளி ரோட்டுக்கு வர முடியல. சக்கரத்துக்கு அடில பூந்து வரோம். ஒரு ஆளு போற அளவு வழி வுடு. அவ்ளோதான்."

சரி என்றேன்.

ஈரப் புடவையைப் பிழிந்து ஒரு கவரில் போட்டுக் கொடுத்தாள். என் மனைவியின் கையைப் பிடித்துப் பலகை தாண்டும்வரை கூட வந்தாள். "தெகிரியமா போ. அந்தமானுக்குப் போறேன்னியே, அங்க சங்கு கெடைச்சா எனுக்கு ஒண்ணு எடுத்தா" என்றாள். அழுது முடித்த முகத்தோடு என் மனைவி சிரித்தாள்.

வீடு வந்தது. இரண்டு புடவையையும் துவைத்துக் காயப்போட்டாள். சோறு வைத்தாள். நான் தின்ற மாதிரி காட்டிவிட்டு எழுந்தேன். ரோடு வரை போனேன். வந்தேன். திரும்பவும் போனேன். முதல் தடவையாக ட்ரெய்லர்களைப் பார்க்கப் பிடிக்கவில்லை. வந்து, தீவுகளை வரைந்து சுவரில் ஒட்டியிருந்த காலண்டர் தாளைப் பிய்த்தேன்.

"இன்னாத்துக்கு அத்தக் கிழிக்கிற?"

"நீதான் வரலியே."

"நான் எப்போ வரலன்னேன்?"

தாளைப் பிடுங்கித் தரையில் விரித்தாள். என் கையை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். ரோட்டின் மேல் விரலை வைத்தாள்.

"நடுவுல?" என்றாள்.

இந்தத் தடவை எனக்குக் கேள்வி புரிந்தது. தோஸ்துக்குப் போன் போட்டேன். வழியில் எங்கெங்கே நிறுத்தலாம், பொம்பளைகள் எங்கே போவார்கள் என்று கேட்டேன்.

"மாமு, நானும் கேட்டதில்லடா. இரு, வூட்ல குடுக்கறேன்."

அவன் மனைவியும் என் மனைவியும் பேசினார்கள். வெகு நேரம் பேசினார்கள். சிரிப்புச் சத்தமெல்லாம் கேட்டது. எந்த ஊரில் டீக்கடைக்குப் பின்னால் சுத்தமாக இருக்கும், எந்தக் கோவிலில் கேட்டால் சாவி தருவார்கள், எந்த வீடு தெரிந்த வீடு. என் மனைவி சொல்லச் சொல்ல நான் தாளில் புள்ளி வைத்தேன். முருங்கைக்காய் முழுக்கப் புள்ளியானது.

காட்டு ரோட்டில் மட்டும் ஒரு புள்ளியும் இல்லை. அங்கே யாருக்காகவும் நிறுத்த முடியாது. நிறுத்தவும் கூடாது. அதுவும் ஒரு லைன்தான். அந்த லைனைத் தாண்டினால்தான் நான் வீடியோவில் பார்த்த படகு.

போர்ட் பிளேரிலிருந்து ரங்கத்துக்குக் கடல் வழியாகப் பயணிகள் படகு உண்டு என்று அவன் மனைவி சொல்லியிருந்தாள். அதில் கக்கூஸ் இருக்கிறதாம்.

"படகுல ரங்கத்து போயிடலாம். அங்கேர்ந்து வடக்க ஓட்டறேன்" என்றேன்.

"அப்போ அந்த லாரி ஏறுற படகு?"

"அது வேணாம்."

"அத்தப் பாக்கத்தான அந்தமானே போற?"

"இல்ல."

அவள் என்னைப் பார்த்தாள். "ஒரு நாளுதான்யா. நான் தண்ணி குடிக்காம வந்துர்றேன். எனுக்குப் பழக்கம்தான்."

"வேணாம். நீ தண்ணி குடி."

எங்கள் கல்யாண வாழ்க்கையில் நான் சொன்ன பெரிய வார்த்தை அதுதான் என்று அவள் இப்போதும் சொல்லிச் சிரிப்பாள். அப்போது சிரிக்கவில்லை. எழுந்து போய்ச் சொம்பில் தண்ணீர் மொண்டு வந்தாள். என் எதிரில் உட்கார்ந்து, அண்ணாந்து, ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

மறுநாளே போய் டிக்கெட் வரிசையில் நின்றேன். இரண்டு டிக்கெட்.

போய்விட்டு வந்தோம். புள்ளி வைத்த இடத்திலெல்லாம் நின்றோம். ஒரு நாளில் முடிக்க நினைத்த ரோடு மூன்று நாள் ஆனது. எனக்குக் கால் அரித்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மாயாபந்தர் போகிற வழியில், ஒரு இளநீர்க் கடையைப் பார்த்து அவளே நிறுத்து என்றாள். முழுசாகக் குடித்துவிட்டு, தேங்காயை உடைத்து வழுக்கையும் தின்றாள்.

இப்போது தோள் சரியாகிவிட்டது. மறுபடி ட்ரெய்லர், மறுபடி அதே லைன். அந்தப் பலகைக்கு நேராக மட்டும் ஒரு ஆள் போகிற அளவு இடைவெளி விட்டு நிறுத்துகிறேன். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், கேட்கக் கூடாத வார்த்தையெல்லாம் கேட்கும். பதில் சொல்வதில்லை. பச்சைப் புடவையும் ஒரு சங்கும் என் மனைவியே கொண்டுபோய்க் கொடுத்தாள். இப்போது அவர்கள் இருவரும் போனில் பேசிக்கொள்கிறார்கள்.

தண்ணீர் வந்தாலும் நிற்காத அந்த ரோட்டை நான் இன்னும் நேரில் பார்க்கவில்லை, அதில் எனக்குக் குறையும் இல்லை. ஒருத்தி வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு நம் வண்டியில் ஏறுகிறாள் என்றால் அது எவ்வளவு பெரிய நம்பிக்கை என்பது, இத்தனை வருஷம் வண்டி ஓட்டியும் எனக்குத் தெரியாமலேயே இருந்திருக்கிறது.